சன்னலில் பூனை இருக்கிறது, அவள் எங்கே?

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட ஒரு மரப்பலகை அச்சுப் படம் உண்டு. சன்னல் மேடையில் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. சன்னலுக்குக் குறுக்கே சட்டங்கள். வெளியே வயல்வெளி, எறும்பு வரிசைபோலத் திருவிழாக் கூட்டம், தூரத்தில் ஃபூஜி மலை, அந்தி வானம். சன்னல் மேடையில் ஒரு கைத்துண்டும் ஒரு கிண்ணமும். தரையில் காகிதத்தில் சுற்றிய கொண்டை ஊசிகள். ஓரத்தில் ஒரு மறைப்பின் விளிம்பு. அறைக்குள் மனிதர் யாரும் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பூனை இன்று காபிக் கோப்பையில் இருக்கிறது, செல்பேசி உறையில் இருக்கிறது, நாட்காட்டியில் இருக்கிறது. "எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி" என்கிறார்கள். அது யோஷிவாராவில் ஒரு மாடி அறை. யோஷிவாரா என்பது எடோ நகரத்தின், அதாவது இன்றைய தோக்கியோவின், அரசு உரிமம் பெற்ற பாலியல் சந்தை. கைத்துண்டும் கிண்ணமும் அங்கே விற்கப்பட்ட ஒரு பெண்ணுடையவை. அவள் அந்த மறைப்புக்குப் பின்னால் இருக்கிறாள்.

"கலையைக் கலையாகப் பாருங்கள், எல்லாவற்றிலும் சாதியையும் சுரண்டலையும் தேடாதீர்கள்" என்று நமக்கு அடிக்கடி புத்தி சொல்லப்படுகிறது. சரி, கலையாகவே பார்ப்போம். கூர்ந்து பார்ப்போம். படத்தில் என்ன இருக்கிறது, படம் எதனால் ஆனது, படத்துக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்போம்.

விளம்பரத்தின் பெயர் அழகு

இந்த அச்சுப் படங்களுக்கு உகியோ-ஏ என்று பெயர். மிதக்கும் உலகத்தின் படங்கள் என்பது பொருள். மிதக்கும் உலகம் என்பது நகரத்து வணிகர்கள் காசு கொடுத்து வாங்கிய பொழுதுபோக்கு உலகம்: கபுக்கி நாடகம், தேநீர்க் கடை, படகுச் சவாரி, யோஷிவாரா. 1765இல் பல வண்ண அச்சு வந்தது. சுசுகி ஹருனோபு அதில் பேர் வாங்கினார். பிறகு கிதகாவா உதமாரோவின் பெண் முகங்கள் ஊரையே மயக்கின. ஒரு படம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்தது என்பார்கள். எளிய மக்களும் வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். அது உண்மைதான். நாம் அதை மறுக்கவில்லை.

ஆனால் பதிப்பாளர் யார் என்று பாருங்கள். உதமாரோவை உயர்த்திய சுதாயா ஜூசபுரோ 1750இல் யோஷிவாராவிலேயே பிறந்தவர். அவர் தொழில் தொடங்கியதே யோஷிவாரா வாயிலுக்கு வெளியே. அவர் விற்ற முக்கியமான சரக்கு யோஷிவாரா வழிகாட்டி நூல்: எந்த விடுதி, அங்கே எந்தப் பெண், அவள் எந்தத் தரம் என்று பட்டியல் போட்ட புத்தகம். 1770களில் இசோதா கோர்யூசாய் ஒரு நீண்ட படவரிசை செய்தார். பருவத்துக்குப் பருவம் புது ஆடை வடிவங்கள். அவற்றை உடுத்திக்காட்டுபவர்கள் விடுதிப் பெண்கள். துணியும் விற்றது, விடுதியும் விற்றது, படமும் விற்றது. இந்தப் படங்களை அன்று அச்சிட்டவர்கள் வணிகம் என்று தெரிந்தே அச்சிட்டார்கள். அதைத் தூய அழகியல் ஆக்கியது பின்னால் வந்த ரசிகர்கள்.

அந்தப் பட்டாடை யாருடையது? விடுதிப் பெண்ணின் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவளை ஒப்படைத்திருக்கும். பெரும்பாலும் பத்தாண்டு ஒப்பந்தம். முன்பணம் அவள் கடன். உயர்ந்த தரத்துப் பெண் என்றால் ஆடை, படுக்கை, உடன் இருக்கும் சிறுமிகளின் செலவு எல்லாம் அவள் கணக்கில் ஏறும். படத்தில் அடுக்கடுக்காக அவள் அணிந்திருப்பது அவள் அடைக்க வேண்டிய கடன். பல படங்களில் அவளுக்கு இருபுறமும் ஒரே மாதிரி உடையில் இரண்டு சிறுமிகள் நிற்பார்கள். பொம்மைபோல் இருப்பார்கள். கமுரோ என்று பெயர். ஏழெட்டு வயதிலேயே விற்கப்பட்ட குழந்தைகள் அவர்கள்.

பெயர்களைப் பாருங்கள். படத்தின் மூலையில் பெண்ணின் பெயரும் விடுதியின் பெயரும் எழுதியிருக்கும். ஓகியா விடுதியின் ஹனாஓகி என்பதுபோல. அது அவள் பெயரில்லை. விடுதிக்குச் சொந்தமான பெயர். ஒருத்தி போனால் அடுத்தவளுக்கு அதே பெயர் சூட்டப்படும். தாய் வைத்த பெயர் எங்கும் இல்லை. இன்னொரு செய்தி: 1793இல் அரசு ஒரு தடை போட்டது. விடுதிப் பெண்களைத் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது. தேநீர்க் கடைப் பெண்களை, அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களைப் பெயரோடு வரைவது ஒழுக்கக்கேடாம். விற்பனைக்கு இருப்பவளின் பெயரை மட்டும் எழுதலாமாம். எந்தப் பெண்ணுக்கு மானம் உண்டு, எவளுக்கு இல்லை என்பதை அரசாங்கமே வகுத்துக்கொடுத்தது.

அவர்கள் செத்தால் என்ன ஆனது? யோஷிவாராவுக்கு அருகே மினோவாவில் ஜோகான்ஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. ஆதரவற்ற விடுதிப் பெண்களின் உடல்கள் அங்கே கொண்டுபோய்ப் போடப்பட்டன. 1855 நிலநடுக்கத்தில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் அங்கே புதைக்கப்பட்டார்கள். மக்கள் அதை "எறியும் கோயில்" என்றே அழைத்தார்கள். அங்கே அடங்கியவர்கள் சுமார் 25,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அழகிகள் வரிசை என்று நூல்கள் அச்சிடும் படங்களின் மறுபக்கம் அந்தக் கோயில்.

காகிதத்துக்குள் இருக்கும் தோல்

இரண்டாவது கேள்வி, படம் எதனால் ஆனது என்பது. இங்கேதான் நம் சொந்தக் கதை தொடங்குகிறது.

கருப்புக் கோடு போடும் மை புகைக்கரியால் ஆனது. கரி தானாகக் காகிதத்தில் ஒட்டாது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையோடு அதைக் குழைப்பார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்கிறார்களே, அந்த இனத்துப் பசை. வண்ணம் காகிதத்தில் பரவிக் கெட்டுப்போகாமல் இருக்க முன்கூட்டியே ஒரு பூச்சுப் பூசுவார்கள். அந்தப் பூச்சிலும் அதே பசைதான், படிகாரம் கலந்து. உதமாரோ வரைந்த கழுத்தின் அந்த ஒற்றைக் கோடு கத்தி வைத்து வெட்டியதுபோல் நிற்கிறதென்றால், அதற்குப் பலகை செதுக்கியவரின் கைத்திறனோடு செத்த மாட்டின் தோலும் காரணம்.

செத்த மாட்டை, குதிரையைத் தொட்டவர்கள் யார்? எடோ காலச் சட்டம் அந்த வேலையைப் பிறப்பால் சிலர் தலையில் கட்டியிருந்தது. "எதா" என்று அவர்களை அழைத்தார்கள். மிகுந்த அழுக்கு என்ற பொருள்படும் எழுத்துகளால் அந்தச் சொல்லை எழுதினார்கள். அவர்களுக்கும் கீழே "ஹினின்" என்று இன்னொரு பிரிவு. அந்தச் சொல்லுக்கு மனிதரல்லாதவர் என்று பொருள். இவை வசைச் சொற்கள். என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்வதற்காக மட்டுமே இங்கே எழுதுகிறோம். இன்று அவர்களின் வழிவந்தவர்களைப் புராகு மக்கள் என்கிறோம்.

படத்துக்குள் மீண்டும் வாருங்கள். அழகி மடியில் வைத்து மீட்டும் ஷாமிசென் என்ற மூன்று நரம்புக் கருவிக்குப் போர்த்தியிருப்பது பூனைத் தோல். சன்னலில் உட்கார்ந்திருக்கும் பூனை செல்லம். கருவிக்காக உரிக்கப்பட்ட பூனையும், உரித்துப் பதப்படுத்தியவரும் யார் நினைவிலும் இல்லை. நாகரிக இளைஞன் அணியும் 'செத்தா' என்ற செருப்புக்கு அடியில் தோல். திருவிழா மேளத்துக்குத் தோல். இரவுக் காட்சிகளில் அறையை ஒளியூட்டும் விளக்கின் திரிகூட, கிழக்கு ஜப்பானில் எதா மக்களின் தலைவரான டான்சாயெமோனின் ஆளுகைக்கு உட்பட்ட வணிகம். டான்சாயெமோன் என்பது பரம்பரைப் பட்டம். மையும், இசையும், காலடியும், வெளிச்சமும் இவர்களிடமிருந்து வந்தன. பொருள் உள்ளே வரலாம், செய்தவர் வரக்கூடாது. தோலைத் தொட்ட கையைத் தீட்டு என்று ஒதுக்கி, அந்தத் தோல் எழுப்பும் இசையைப் புனிதம் என்று போற்றும் வித்தை நமக்குப் புதிதில்லையே, தோழர்களே.

படகு போன வழி

மூன்றாவது கேள்வி: படத்துக்கு வெளியே யார்?

எடோவின் பணக்காரன் யோஷிவாராவுக்குப் போகும் வழி பேர்போனது. சுமிதா ஆற்றில் படகேறி, சான்யா கால்வாய் முகத்துவாரத்தில் இறங்கி, கரை மேட்டில் நடந்து போவான். அந்த வழியை ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். ஹிரோஷிகே அதே 1857இல் அந்த முகத்துவாரத்தின் இரவுக் காட்சியை வரைந்திருக்கிறார். முன்னால் ஒரு பெண் நடக்கிறாள், எதிர்க்கரையில் உணவு விடுதிகளின் விளக்குகள், மேலே நட்சத்திரங்கள். அந்தக் கால்வாயை ஒட்டித்தான் டான்சாயெமோனின் அடைப்பு ஊர் இருந்தது. எதா மக்கள் அங்கே குடியிருந்தார்கள். யோஷிவாராவின் பின்புற அகழியை ஒட்டி ஹினின் தலைவர் குருமா சென்ஷிச்சியின் குடியிருப்பு. இன்பம் தேடிப் போனவன் ஒரு சேரியைக் கடந்து, இன்னொரு சேரியின் முதுகில் சாய்ந்த ஊருக்குள் நுழைந்தான். படங்களில் விளக்கு உண்டு, படகு உண்டு, செர்ரிப் பூ உண்டு. அந்த ஊர்கள் இல்லை.

இது தற்செயலா? 1657 பெருந்தீக்குப் பிறகு யோஷிவாராவை நகர மையத்திலிருந்து அசாகுசா வயல்களுக்குத் தள்ளியது அரசு. தோல் பதனிடும் ஊர், மரண தண்டனைக் களம், விடுதி எல்லாமே நகரத்தின் அதே வடக்கு விளிம்பில். நகரத்துக்குத் தேவையானவை, ஆனால் நகரம் தன் முகத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதவை. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வரைபடத்தைப் படிக்கத் தனிப்பாடம் தேவையில்லை.

விடுதிப் பெண்ணையும் ஹினின் மக்களையும் பிரித்தது ஒரு சுவர் மட்டும்தான். 18ஆம் நூற்றாண்டுச் சட்டம் சொன்னது: காதலனும் காதலியும் சேர்ந்து சாக முயன்று இருவரும் பிழைத்துவிட்டால், மூன்று நாள் பொது இடத்தில் காட்சிக்கு நிறுத்தி, பிறகு ஹினின் பிரிவில் சேர்த்துவிட வேண்டும். கடனிலிருந்து தப்பச் சாவைத் தேடிய பெண்ணுக்குச் சட்டம் கொடுத்த தண்டனை சாதி. நாடக மேடையும் படமும் அந்தக் காதல் சாவுகளைக் கண்ணீரோடு கொண்டாடின. பிழைத்தவள் எங்கே போனாள் என்று கேட்கவில்லை.

"அவர்களையும் வரைந்தார்களே?"

நமக்கு மறுப்புச் சொல்பவர்கள் இரண்டு செய்தி சொல்வார்கள். இரண்டையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: ஓவியர்களும் அடக்கப்பட்டவர்கள்தான். உதமாரோ 1804இல் ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகிக் கைவிலங்கு மாட்டப்பட்டார். இரண்டு ஆண்டில் இறந்துபோனார். பலகை செதுக்கியவர்களும் அச்சடித்தவர்களும் உழைப்பாளிகள். உண்மை. அவர் அரசிடம் பட்ட வலியை நாம் மதிக்கிறோம். ஆனால் மேலிருந்து மிதிபடுபவன் கீழே யாரையும் மிதிக்கமாட்டான் என்று யார் சொன்னது? டான்சாயெமோனே ஒரு சிற்றரசன்போல் வாழ்ந்து ஹினின் மக்களை ஆண்டவர். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். எல்லார் காலுக்குக் கீழும் யாரோ ஒருவர் இருப்பதுதான் அந்த அமைப்பின் பலம்.

இரண்டு: ஒதுக்கப்பட்ட பெண்களையும் வரைந்திருக்கிறார்களே என்பது. ஆம், வரைந்தார்கள். புத்தாண்டு நாளில் வீடு வீடாக ஷாமிசென் வாசித்துப் பாடிக் காசு பெற்ற 'தோரியோய்' பெண்கள் ஹினின் குடும்பத்தவர்கள். பின்னல் தொப்பி, பருத்தி ஆடை. அவர்களுக்குப் பட்டு உடுத்த அனுமதி இல்லை. ஓவியர்கள் அவர்களை அழகிகளாக வரைந்தார்கள். தொப்பிக்குக் கீழே பாதி தெரியும் முகம் ஒரு நாகரிகமானது. தடையால் வந்த பருத்தியை "எளிமையின் அழகு" ஆக்கிவிட்டார்கள். ஆக, உள்ளே வர ஒரு வழி இருந்தது: வலியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வேடமாக மட்டும் வரலாம். இன்றும் நம்மைக் கலைவிழாவுக்கு அழைப்பவர்கள் பலர் இதே நிபந்தனையோடுதான் அழைக்கிறார்கள்.

மாடும் குதிரையும்

1871இல் ஜப்பான் அரசு எதா, ஹினின் என்ற பெயர்களை ஒழித்து ஆணையிட்டது. பெயர் போனது, வெறுப்பு போகவில்லை. 1873இல் மிமாசகா பகுதியில் கலவரம் செய்த விவசாயிகள் புராகு மக்கள் 18 பேரைக் கொன்றார்கள். சமமாக நடக்கத் தொடங்கியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

1872இல் யோகோஹாமாவில் ஒரு வழக்கு. பெரு நாட்டுக் கப்பலில் அடிமைகள்போல் ஏற்றிச் செல்லப்பட்ட சீனக் கூலிகளை ஜப்பான் நீதிமன்றம் விடுவித்தது. கப்பல்காரர் தரப்பு திருப்பிக் கேட்டது: உங்கள் ஊரிலேயே பெண்களை விற்கிறீர்களே? வெட்கப்பட்ட அரசு அதே ஆண்டில் விடுதிப் பெண்களை விடுவித்து ஆணை போட்டது. அதில் நீதித்துறை சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: உரிமையை இழந்த இவர்கள் மாடு, குதிரைக்குச் சமம், மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே கடன் ரத்து. விடுதலை ஆணையே அவர்களை விலங்கு என்று எழுதியது. செத்த மாட்டையும் குதிரையையும் தொட்டதற்காக ஒரு மக்கள் தீட்டு ஆனார்கள். உயிரோடு மாடும் குதிரையும் ஆக்கப்பட்டவர்கள் இன்னொரு மக்கள். அடுத்த ஆண்டே விடுதிகள் "அறை வாடகை" என்ற பெயரில் திரும்பின. உரிமம் பெற்ற தொழில் முற்றாக ஒழிய 1958 வரை ஆனது.

இதே காலத்தில்தான் இந்தப் படங்கள் ஐரோப்பாவுக்குப் போய்ப் புகழடைந்தன. 1887இல் வான் கோ ஒரு ஜப்பானிய விடுதிப் பெண்ணின் படத்தைப் பெரிதாக நகலெடுத்து வண்ணம் தீட்டினார். கோடும் நிறமும் கடல் கடந்தன. கடன் பத்திரம் கடக்கவில்லை.

இன்றைய சண்டை

பழைய கதை என்று யாராவது சொன்னால் 2024ஐச் சொல்லுங்கள். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் யோஷிவாரா பற்றிப் பெரிய கண்காட்சி. முன்விளம்பரம் முழுக்கக் கொண்டாட்டம்: நாகரிகத்தின் ஊற்று, பண்பாட்டின் மையம். அங்கே பெண்கள் விற்கப்பட்டார்களே என்று மக்கள் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு, அது மனித உரிமை மீறப்பட்ட இடம் என்பதை ஒப்புக்கொண்டு அமைப்பாளர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். கேட்டதால் வந்த மாற்றம் அது. 2025இல் சுதாயாவின் வாழ்க்கையை ஜப்பானியப் பொதுத் தொலைக்காட்சி ஆண்டு முழுக்கத் தொடராகக் காட்டியபோது, முதல் பகுதியிலேயே கோயிலில் எறியப்பட்ட பெண்களின் உடல்களைக் காட்டினார்கள். காட்டியதால் கலை ஒன்றும் செத்துவிடவில்லை.

இன்னொரு பாடம் வரைபடங்களில் இருக்கிறது. படங்களை அச்சிட்ட அதே மரப்பலகை முறையில்தான் அன்றைய நகர வரைபடங்களும் அச்சாயின. அவற்றில் எதா ஊர்கள் அந்த வசைப்பெயரோடேயே குறிக்கப்பட்டிருந்தன. சுவரில் மாட்டும் படத்தில் நாம் இல்லை. ஒதுக்கி வைக்க உதவும் வரைபடத்தில் மட்டும் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் கூகுள் எர்த் அந்தப் பழைய வரைபடங்களை எந்த வரலாற்று விளக்கமும் இல்லாமல் இன்றைய தோக்கியோ, ஒசாகா மீது பதித்து வெளியிட்டது. பூர்வீகத்தைத் துருவி வேலை மறுக்கிற, திருமணம் மறுக்கிற சமூகத்தில் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். எதிர்ப்பு வந்ததும் 2009இல் அந்தச் சொற்களைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டார்கள். புராகு விடுதலைக் கழகத்தவர் அதையும் கண்டித்தார்கள்: துடைத்துவிட்டால் அப்படி ஒரு மக்கள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடாதா? காட்டிக்கொடுப்பதும் துடைத்தழிப்பதும் இரண்டுமே வேண்டாம். வரலாற்றைச் சொல்லி வையுங்கள் என்பதே நியாயமான கோரிக்கை. அதுதான் நம் கோரிக்கையும்.

ஜப்பான் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தொழிலையும் பிறப்பையும் வைத்து ஒதுக்குவது மனித உரிமை மீறல் என்று ஐ.நா. அவையில் பேச வைத்ததில் தலித் இயக்கங்களும் புராகு இயக்கமும் தோளோடு தோள் நின்றன. 2002இல் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு பிறப்புவழிப் பாகுபாடு பற்றிப் பரிந்துரை வெளியிட்டபோது, அது நம் இருவரின் வெற்றி. அவர்கள் வரலாறு நம் பாடநூலின் அடுத்த அத்தியாயம்.

ஆகவே இந்தப் படங்களைக் கிழிக்கச் சொல்லவில்லை. பாருங்கள், ரசியுங்கள். ரசிப்பது குற்றமில்லை, ரசனையைக் காட்டிக் கேள்வியை வாயடைப்பதுதான் குற்றம். படத்துக்குக் கீழே ஓவியர் பெயரும் ஆண்டும் எழுதுகிறவர்கள், அது விற்கப்பட்ட பெண் என்றும், அவள் பெயர் விடுதி வைத்த பெயர் என்றும், மையில் இருக்கும் பசை யார் கைவழியாக வந்தது என்றும் எழுதட்டும். மூன்று வரி போதும். இடம் இல்லை என்று சொல்வார்கள். இடம் இல்லாததுதான் நம் பிரச்சினையே.

1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் புராகு மக்கள் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எல்லாரையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் சங்கம் என்று பொருள். அதன் அறிக்கையை எழுதியவர்களில் முதன்மையானவர் நாரா பகுதி இளைஞர் சைக்கோ மான்கிச்சி. அவர் ஓவியராக விரும்பித் தோக்கியோ போனவர். தன் பிறப்பு தெரிந்துவிடும் என்ற அச்சம் துரத்த, ஓவியக் கனவை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அழகின் உலகம் அவருக்கு இடம் தரவில்லை. இயக்கத்தின் கொடியை அவர்தான் வரைந்தார்: கருப்புத் துணியில் இரத்தச் சிவப்பில் ஒரு முள்முடி.

அடுத்த முறை அந்த வெள்ளைப் பூனையைப் பகிரும்போது, தோழர்களே, பக்கத்தில் இந்தக் கொடியையும் வையுங்கள். சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.